நங்கூரம் பிடித்த கயிறு

பலூன் மைதானத்தில் அவளுக்கு நங்கூரம் என்று பெயர். மைக்கில் வர்ணனை செய்கிறவர் ஒருமுறை ஏதோ வேகத்தில் சொல்லிவைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவளுக்கு விழுந்த பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளியில் பூசணிக்காய், தெருவில் ரோடு ரோலர், சொந்தக்காரர்கள் வீட்டில் அவள் உட்காரும் முன்பே "அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காரு". எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். ஆனால் நங்கூரம் என்று யாராவது கூப்பிட்டால் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பிப் பார்ப்பாள்.

ஆள் கனமானவள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது ஆசையாகத் தூக்கியவர்கள்கூட வாசல் தாண்டுவதற்குள் இறக்கிவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொள்வார்களாம். பூங்காவில் சீசா பலகையில் அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எதிர்ப்பக்கம் ஏறிய பிள்ளைகள் மேலேயே தொங்கிக்கொண்டு இறக்கிவிடச் சொல்லிக் கத்துவார்கள். மேலே போனால் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது.

வேலை, ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. ஈரத் துணி நிறைந்த தள்ளுவண்டியை மற்றவர்கள் இரண்டு பேராக முக்கித் தள்ளுவார்கள். இவள் தோளைக் கொடுத்தால் வண்டி பேசாமல் போகும். அங்கே யாரும் அவளைக் கிண்டல் செய்ததில்லை. ஆனாலும் அது அவள் உடம்புக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்ல முடியாது. வண்டி நகர்ந்தால் சரி என்று இருந்தார்கள், அவ்வளவுதான்.

கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். ஊசி மாதிரி ஆள். கல்யாணத்தன்று இரண்டு பேரும் சேர்ந்து நின்றதைப் பார்த்து, பத்து என்று எழுதி வைத்தது போல இருக்கிறது என்று யாரோ சொல்லி, பந்தலே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "ஒண்ணு மட்டும் தனியா நின்னா அதுக்கு என்ன மதிப்பு? பக்கத்துல சைபர் வந்தப்புறம்தானே பத்தாச்சு" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு சண்டை போடுவது கஷ்டம். இருந்தாலும் அவள் போட்டாள், இத்தனை வருடமும்.

பலூன் இவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது தம்பியால். அவள் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கால் தரையில் பாவாது. படித்தது ஒன்று, பார்த்தது ஒன்று, கடைசியில் வெப்பக்காற்று பலூன் ஓட்டுகிறவன் ஆனான். சுற்றுலா வருகிறவர்களைக் கூடையில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது பிழைப்பு. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பலூன் திருவிழா அவனுக்குக் கௌரவம். ஒரு வருடம் கடைசி நேரத்தில் கயிறு பிடிக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட, அக்காவுக்கு போன் செய்தான். "அக்கா, ஒரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதான் வேலை இல்லை என்று அங்கே போனதும் தெரிந்தது. பலூன் துணியைப் புல்லில் நீளமாக விரித்து, விசிறி வைத்து உள்ளே காற்றை அடிப்பார்கள். பிறகு தீ. காற்று சூடாகச் சூடாக, படுத்திருந்த பலூன் மெல்ல எழுந்திருக்கும். தூக்கத்திலிருந்து எழுகிறவன் போல அந்த நேரத்தில் அதற்குத் தள்ளாட்டம் அதிகம். அது ஒரேயடியாக எம்பாமலும் பக்கவாட்டில் சாயாமலும் இருக்க, பலூனின் உச்சியிலிருந்து ஒரு நீளக் கயிறு வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடைக்கு எதிர்க்கோடியில், பின்னால் சாய்ந்து, குதிகாலைப் புல்லில் பதித்து நிற்க வேண்டும். பலூன் எழ எழ, அடிமேல் அடி வைத்து, கயிற்றை விடாமல் கூடையை நோக்கி நடந்து வர வேண்டும். சாதாரண ஆட்களை அந்தக் கயிறு இழுத்துக்கொண்டு ஓடும். இவளை இழுக்கவில்லை. அவ்வளவு பெரிய பலூன் இவள் கைக்குள் அடங்கி, சொன்ன பேச்சைக் கேட்டு எழுந்து நின்றது. அன்றைக்குத்தான் அந்த மைக்குக்காரர் நங்கூரம் என்றார். கைதட்டினார்கள். தன் கனத்துக்காக மனிதர்கள் கைதட்டி அவள் பார்த்தது அதுதான் முதல் முறை. கூடாரத்துக்கு வந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அதிலிருந்து ஒரு வருடம் தவறியதில்லை. பலூன் வண்டிகளுக்குப் பின்னால் குழுவினருக்கான முகாம் இருக்கும். கூடாரங்கள் தோளோடு தோள் உரச, ஒரு கூடாரத்தில் தும்மினால் அடுத்த கூடாரத்தில் கேட்கும். குளியலறைக்கு வரிசை, தண்ணீர்க் குழாய்க்கு வரிசை. விடியும் முன்பே யாரோ ஒருவருடைய விசிறி உறுமத் தொடங்கும், பனியில் கூடாரத் துணி உட்பக்கம் வேர்த்துச் சொட்டும். கணவர் மடக்கு அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போடுவார். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். புதிதாக வந்தவர்களுக்குக் கயிற்றின் சட்டத்தை அவள்தான் சொல்லித்தருவாள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. கால் தரையை விட்டால் அந்த நொடியே கை கயிற்றை விட வேண்டும். "பலூன் போனா தேடிப் பிடிச்சுக்கலாம். நீ போனா எங்கே தேடறது?" என்பாள். சொல்லும்போதே அவளுக்குள் ஒரு கர்வம் இருக்கும். அந்தச் சட்டம் ஊருக்குத்தான். அவள் கால் என்றைக்குத் தரையை விட்டது?

அப்புறம்தான் வயிற்றில் கட்டி வந்தது. தினம் இறங்கிப் போகும் அதே ஆஸ்பத்திரியில் மேல்மாடிக்குப் போய்ப் படுத்தாள். விரித்திருந்த படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, இதை மடித்தது தன் கை இல்லை, சலவைப் பிரிவில் பக்கத்து மேசைக்காரியின் கை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். நர்ஸ் சிரித்தாள். கட்டியை எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள். அந்தப் பிறகு வருவதற்குள் வீட்டில் பட்ட பாடு தனிக் கதை. கட்டியோடு சேர்ந்து பசியும் போயிற்று. பசி திரும்பி வந்தபோது அவள் பாதி ஆளாகி இருந்தாள்.

ஊருக்கு வாய் இருக்கிறதே. இத்தனை காலம் இளைக்கச் சொல்லி உபதேசம் செய்தவர்கள் இப்போது வழிமறித்துப் பாராட்டினார்கள். "அடேயப்பா, ஆளே மாறிட்டியே! என்ன பண்ணினே, எங்களுக்கும் சொல்லேன்!" ஒரு மனுஷி சாவைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள், அவளிடம் ரகசியம் கேட்கிறார்கள். இவளும் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடுவாள். ஈரத் துணி வண்டி இப்போது அவள் தோளுக்கு நகர மறுத்தது. பக்கத்து மேசைக்காரி ஓடி வந்து கைகொடுத்தாள். அந்த உதவி அவளைப் பாராட்டுகளைவிட அதிகம் சுட்டது.

இந்த வருடம் திருவிழா முகாமில் வந்து இறங்கியதும் தம்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். குழுவின் மேல்சட்டை அவள் மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. பிடித்துத் தைக்கலாம் என்று கணவர் எத்தனையோ முறை சொல்லியும் அவள் விடவில்லை.

"அக்கா, இந்த வருஷம் கயித்துல வேற யாராவது நிக்கட்டுமே" என்றான் தம்பி.

"ஏன், எனக்கென்ன கேடு? டாக்டரே வேலைக்குப் போகச் சொல்லிட்டாரு."

"துணி துவைக்கிற வேலைக்குத்தானே சொன்னாரு?"

"நான் நிக்கறேன்டா. நீ உன் அடுப்பைப் பாத்துக்கோ."

தம்பி தலையைச் சொறிந்தான். கூடை பிடிக்க வந்திருந்த பேக்கரிக்காரர் பக்கம் ஒரு பார்வை போயிற்று. வாட்டசாட்டமான மனிதர், முதல் வருடம் வந்தவர். "சரி, நாளைக்குக் காலையில நில்லு. பலூன் ஆடுச்சுன்னா அடுத்த நாள்லேர்ந்து அவர் நிப்பாரு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அதற்கு அவள் சரி என்றாள்.

மதியம் கூடாரம் அடித்து, காற்று மெத்தையை ஊதிப் போட்டார்கள். அந்த மெத்தையில் ஒரு வேடிக்கை உண்டு. கணவர் முதலில் படுத்திருப்பார். இவள் வந்து தன் பக்கம் உட்கார்ந்தால் அவர் பக்கம் குபுக்கென்று எழும்பும். அவர் உருண்டு வந்து இவள் மேல் விழுவார். எத்தனை வருடமானாலும் அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். இந்த முறை அவர் வழக்கம் போல முதலில் படுத்துக் காத்திருந்தார். அவள் உட்கார்ந்தாள். மெத்தை லேசாக முனகியதோடு சரி. அவர் படுத்த இடத்திலேயே கிடந்தார்.

"காத்து பத்தல போலிருக்கு" என்றார் கணவர், கூடாரத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாங்க. பத்தல" என்றாள் அவள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணயர்ந்ததும் அவள் வெளியே போனாள். முகாமுக்கு அந்தப் பக்கம் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கூழாங்கல் கொட்டியிருந்தார்கள். கூடார முளைக்கு வைக்கிறவள் போலக் குனிந்து குனிந்து பெரிய கற்களாகப் பொறுக்கினாள். குழாயடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கழுவினாள். திருட்டுத்தனம் செய்யும்போதும் சலவைக்காரியின் கை சும்மா இருக்குமா? கொண்டு வந்திருந்த தலையணை உறையைக் கிழித்து, இரண்டு பையாகத் தைத்து, கல் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி இறுக்கிக் கட்டினாள். மேல்சட்டையின் இரண்டு பைகளிலும் ஒவ்வொன்றைத் திணித்தாள். எழுந்து நின்று பார்த்தாள். தோள் இறங்கியது. பழைய கனத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? ஆனால் அந்த இழுவை பழக்கமான இழுவை. பிரிந்து போன ஆள் திரும்பி வந்தது போல அவளுக்கு ஒரு நிம்மதி.

காலையில் வானம் பால் போல இருந்தது. கணவர் பலூனின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவருக்கு வழக்கமான வேலை. துணி வாயை விரித்துப் பிடித்தால்தான் தீ உள்ளே போகும். பேக்கரிக்காரர் கூடையருகில். அவள் எதிர்க்கோடியில், கயிற்றோடு, குதிகாலைப் பதித்துச் சாய்ந்து நின்றாள். தீ சீறியது. பலூன் தலையைத் தூக்கியது. கயிறு விறைத்தது. அவள் தாங்கினாள். தாங்குகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கூவியது.

அப்போதுதான் அந்தக் காற்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று பிறகு ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பாதி எழுந்திருந்த பலூன் வயிற்றில் காற்றை வாங்கிக்கொண்டு எம்பியது. அவள் குதிகால் புல்லைக் கீறிக்கொண்டு போயிற்று. இரண்டு கோடுகள், நீளமாக. அப்புறம் கோடு நின்றது. அவள் கால் தரையை விட்டிருந்தது.

விட்டிருக்க வேண்டும். அந்த நொடியே கை விட்டிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் அவளை ஒன்று தூக்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, முனகாமல், இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல், இறக்கிவிட இடம் தேடாமல். சீசா பலகையின் மேல்முனையில் பிள்ளைகள் ஏன் கத்தினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இது இவ்வளவு நன்றாக இருக்கிறதே. கீழே யாரோ அலறுவது கேட்டது. அது கணவரின் குரல் என்று தெரிந்ததும் கையை விட்டாள்.

ஆள் உயரத்திலிருந்து ஈரப் புல்லில் பக்கவாட்டில் விழுந்தாள். பை கிழிந்து கூழாங்கற்கள் நாலாபக்கமும் உருண்டன. தம்பி தீயை அணைத்து, உச்சித் திறப்பை இழுத்துக் காற்றை வெளியே விட்டான். பலூன் சோர்ந்து சரிந்தது. கணவர்தான் முதலில் வந்தார். ஓடி வந்தவர் அவளைத் தொடக்கூடப் பயந்து, இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு மண்டியிட்டார்.

முதலுதவிக் கூடாரத்தில் கையைக் காலை மடக்கிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் கன்றிப் போயிருக்கிறது என்றார்கள். தம்பி வாசலிலேயே நின்றான். உள்ளங்கையில் ஒரு கல்.

"என்னக்கா இது?"

அவள் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கல்லு மேலயே விழுந்து இடுப்பு போயிருந்தா? நான் அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" கத்தினான். கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. "சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா கயித்தைக் குடுத்திருப்பியா? கனத்துக்குத்தானேடா என்னை நிக்க வெச்சே?"

தம்பி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பொய் சொல்லியிருக்கலாம். உன் அனுபவத்துக்காக, உன் ராசிக்காக என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் மடியில் வளர்ந்தவனுக்கு அது வரவில்லை.

"ஆமாக்கா. கனத்துக்குத்தான். இப்ப அது இல்ல. நாளைக்குப் பேக்கரிக்காரர் நிப்பாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னவன் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் மனதில் ஒரு இடம் காலியாகிவிட்டது. அந்தக் காலி இடத்துக்கு நிறையக் கனம் இருந்தது.

மறுநாள் பேக்கரிக்காரர் கயிறு பிடித்தார். பலூன் சமர்த்தாக எழுந்து போயிற்று. அவள் கூடார வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கணவர் மற்றவர்களோடு இறங்குகிற பலூனை எடுத்துவர வண்டியில் துரத்திப் போகாமல் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார். சிதறிய கற்களை எப்போதோ பொறுக்கி வந்திருக்கிறார். மடியில் வைத்து, லென்ஸ் பார்க்கிறவர் போல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"கல்லைக்கூடக் கழுவித்தான் வெச்சிருக்கே."

"அழுக்கா இருந்துச்சு."

"எல்லாம் பண்ணுவே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டே."

"என்னத்தைச் சொல்ல? எல்லாரும் இளைச்சுட்டேன்னு சந்தோஷப்படறாங்க. எனக்கு என்னையே தொலைச்ச மாதிரி இருக்கு. இங்க ஒரு இடத்துலதான் என் உடம்புக்கு வேலை இருந்துச்சு. அதுவும் போச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது. மேல தூக்கினப்ப... நல்லா இருந்துச்சுங்க."

அவர் திட்டவில்லை. கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நீ மேல் மாடியில படுத்திருந்தப்ப, தினம் வருவேன். தினம் நீ கொஞ்சம் கம்மியா இருப்பே. நேத்து இருந்ததுல கொஞ்சம் இன்னைக்கு இருக்காது. யார்கிட்ட சொல்றது? பிடிச்சு நிறுத்த ஒரு கயிறும் இல்ல என் கையில. சரி, நின்னுடுச்சு, நீ பொழைச்சு வந்துட்டேன்னு நெனச்சா, நேத்து என் கண்ணு முன்னாடியே கால் தரையை விட்டுப் போறே."

சட்டையின் தோளில் கண்ணைத் துடைத்தார். முப்பொழுதும் விளையாட்டுப் பேச்சு பேசுகிறவர் அழுதால் பார்க்கச் சகிக்காது. அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, இடுப்பு வலியோடு புல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாகத் தன் கனம் போனதற்கு அவள் மட்டும்தான் துக்கம் காத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். இந்த ஊசி மனிதரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார், வேறு காரணத்துக்காக.

கடைசி நாள் காலையில் இலை அசையவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஏற்றிய ஊதுவத்திப் புகைகூட நேராக மேலே போயிற்று. கணவர் மச்சினனிடம் போய் நின்றார். "இன்னைக்குக் காத்தே இல்லையே. கயித்தை எங்க ரெண்டு பேர்கிட்ட குடு."

"மாமா, விளையாடாதீங்க. நீங்க ரெண்டு பேர் சேர்ந்தாலும் பழைய அக்கா ஒருத்திக்கு ஈடாகாது."

"ஆகாதுதான். அதுக்குத்தான் பேக்கரிக்காரர் கடைசியில நிக்கட்டும்னு சொல்றேன். உன் அக்கா முன்னால, நான் அவ பின்னால, அவர் எனக்குப் பின்னால."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். "கல்லு?" என்றான். அவள் மேல்சட்டையின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போங்க என்று கையைக் காட்டினான்.

மூன்று பேரும் வரிசையாகச் சாய்ந்து நின்றார்கள். தீ சீறியது, பலூன் எழுந்தது, கயிறு விறைத்தது. அவள் கைகளில் அந்தப் பழைய இழுவை வந்தது. அதில் பாதி இப்போது பின்னால் இருந்தவர்களுடையது. இருந்தால் இருக்கட்டும் என்று நினைத்தாள். முதல் அடி எடுத்து வைக்கப் போகும்போது இடுப்பை ஒரு கை சுற்றியது. பிறகு இன்னொரு கை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகள் முன்னால் வந்து ஒன்றையொன்று தொட்டதில்லை. இன்று தொட்டன. தொட்டதோடு நிற்காமல் விரலோடு விரல் கோத்துக்கொண்டன.

கூடையிலிருந்து தம்பி கத்தினான், மைதானமே திரும்பிப் பார்க்கும்படி. "மாமா! கயித்தைப் பிடிங்க! அக்காவை இல்ல!"

"கயிறு போனா பலூன்தான்டா போகும்!" என்று கத்தினார் கணவர்.

பேக்கரிக்காரர் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மைக்குக்காரர் ஏதோ சொன்னார், அவள் காதில் விழவில்லை. கயிற்றை விடாமல், அடிமேல் அடி வைத்து, அவள் கூடையை நோக்கி நடந்தாள். அவர் கோத்த கையைப் பிரிக்காமல் அவள் பின்னாலேயே வந்தார்.